இடது சில்லு முட்டுகிறது

சரஸ்வதி பூசைக்கு முதல் நாள் பின்னேரம், வெள்ளவத்தையில் கடல் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், சாந்தகுமாரின் பதினாலாம் நம்பர் ஸ்பானர் காணாமல் போனது.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. ஸ்பானர் பெட்டியே இல்லை. போர்ட்டிக்கோச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த குறடு, அரம், சுத்தியல், வாள் ஒன்றும் இல்லை. மாட்டின ஆணிகள் மட்டும் மொட்டையாக நின்றன. கள்ளன் வந்திருந்தால் அந்த ஆணிகளையும் பிடுங்கிக்கொண்டு போயிருப்பான். ஆகவே இது ஜெயராணியின் வேலை என்று சாந்தகுமாருக்கு உடனே விளங்கிவிட்டது. முப்பத்திரண்டு வருசக் குடித்தனம் சும்மாவா?

"ராணி, என்ர சாமானெல்லாம் எங்க?"

"பூசை அறையில."

"அங்க என்ன செய்யுது?"

"கும்பத்துக்குப் பக்கத்தில இருக்குது. நாளைக்கு ஆயுத பூசையெல்லே? போய்ப் பாருங்கோ, நல்ல வடிவு. குறட்டுக்குப் பொட்டு வைச்சால் ஆளே மாறிப் போச்சுது."

"மற்றதெல்லாம் இருக்கட்டும். அந்தப் பதினாலாம் நம்பரை மட்டும் தாரும்."

"பூசைக்கு வைச்சதை எடுக்கிறதே? விஜயதசமி அண்டைக்குத் தாறன்."

"ஒரேயொரு ஸ்பானர், ராணி. சின்னது."

"என்ர கணக்குப் புத்தகங்களும் அங்கதான் இருக்குது. நான் கேட்டனானே?"

சாந்தகுமார் பூசை அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். மாவிலைக்கும் அவல் தட்டுக்கும் நடுவில் பதினாலாம் நம்பர், சந்தனமும் குங்குமமுமாக, மாப்பிள்ளை மாதிரிப் படுத்திருந்தது. கை நீட்டினால் எட்டும் தூரம். நீட்டவில்லை. சரஸ்வதிக்குப் பயந்து இல்லை, பின்னால் நின்ற ஜெயராணிக்குப் பயந்துதான்.

ஒரு ஸ்பானர் இல்லாமல் ஒரு நாள் இருக்க ஏலாதா இந்த மனிசனுக்கு என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கொஞ்சம் பின்னால் போய் வருவோம்.

சாந்தகுமார் கொள்ளுப்பிட்டியில் உள்ள உயரமான கட்டடங்களில் முப்பது வருசம் லிஃப்ட் திருத்தியவர். மேலே போனது கீழே வர வேண்டும், கீழே வந்தது மேலே போக வேண்டும், இதுதான் அவருடைய தொழில். அறுபது வயதில் மாலையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்து அவரைக் கீழேயே நிப்பாட்டி விட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் வீட்டைத் திருத்தத் தொடங்கினார். மல்லித்தூள் டின்னுக்கும் மிளகுத்தூள் டின்னுக்கும் நம்பர் போட்டார். சோறு வேக எத்தனை நிமிசம் என்று கொப்பியில் எழுதினார். நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைக் கழற்றினார். அது பிறகு சுற்றவில்லை. ஜெயராணி ஹோலில் ஏ.எல். பிள்ளைகளுக்குக் கணக்கு ரியூஷன் கொடுப்பவர். அங்கேயும் போய்க் கடைசி வாங்கில் உட்கார்ந்து, "டீச்சர், அந்த மூண்டாவது வரியைக் கொஞ்சம் சுருக்கலாம்" என்று சொன்னார். பிள்ளைகள் சிரித்தார்கள். ஜெயராணி சிரிக்கவில்லை.

அப்படியிருந்த ஒரு நாளில்தான் அவருக்கு விமானம் கட்டும் யோசனை வந்தது. விளையாட்டுச் சாமான் இல்லை. ரெண்டு பேர் இருந்து பறக்கக்கூடிய நிசமான பிளேன். அமெரிக்காவிலிருந்து பிளானை வரவழைத்தார். ஜெயராணி ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. போர்ட்டிக்கோவை விட்டுக் கொடுத்தார். இறக்கைகள் ரெண்டும் மேல்மாடி விறாந்தையில் கிடந்தன, துணி காயப் போட நல்ல வசதி. ஒரேயொரு நிபந்தனைதான்.

"இஞ்சருங்கோ, ஆனால் ஒண்டு. சில்லு ரெண்டும் ஒழுங்காய் மேல போய்க் கீழ வருதெண்டால் அதுக்குப் பிறகு இதுக்கு இஞ்ச வேலையில்லை. அண்டைக்கே ரத்மலானைக்கு ஏத்த வேணும். போர்ட்டிக்கோ எனக்கு."

"சரி சரி" என்றார் சாந்தகுமார். ரத்மலானையில் விமான நிலைய வேலிக்குக் கிட்ட, அடுத்த வீட்டு அலவியின் மருமகன் ஹபீஸுக்கு ஒரு வெறும் ஷெட் இருந்தது. இறக்கை பூட்டுவதற்கு எப்படியும் அங்கேதான் போக வேண்டும். போர்ட்டிக்கோவில் இறக்கை பூட்டினால் ஒன்று அலவி வீட்டுக் குசினிக்குள் போகும்.

ஆறு வருசம் ஓடியது. உடம்பு வந்தது, என்ஜின் வந்தது, சீட் வந்தது. பிறகு வந்தது சில்லு.

இந்தப் பிளேனின் சில்லுகள், அதாவது சக்கரங்கள், பிளேன் மேலே எழும்பினதும் மடங்கி அதன் வயிற்றுக்குள் போய்விடும். சீட்டில் இருந்து லீவரை இழுத்தால் கால் மடங்கும், சில்லு குழிக்குள் போய் ஒளிக்கும். வலது சில்லு தங்கமான பிள்ளை. சத்தமில்லாமல் போய்ப் படுத்தது. இடது சில்லு முட்டியது. லீவரை இழுத்தால் கடைசி நேரத்தில் "டொக்." குழிக்குள் இருந்த ஒரு குறுக்குச் சட்டத்தில், ரிப்பில், டயரின் விளிம்பு இடித்தது. ஆகாயத்தில் அப்படி இடித்து இறுகி, திரும்பி வராவிட்டால் இறங்குவது எதில்? வயிற்றில்தான்.

சாந்தகுமார் அந்தச் சில்லோடு பட்ட பாடு கொஞ்சமில்லை. டயருக்கும் ரிப்புக்கும் இடையில் எங்கே எவ்வளவு இடைவெளி என்று கண்ணால் பார்க்க முடியாது. சில்லு உள்ளே போனதும் குழி மூடிக்கொள்ளும். அதற்கும் வழி கண்டுபிடித்தார். குசினியில் இருந்து இடியப்ப மாவை எடுத்து, அஞ்சு உருண்டை பிடித்து, குழிக்குள் அஞ்சு இடத்தில் ஒட்டினார். சில்லை மேலே ஏற்றி இறக்கினார். நசுங்கின மாவைக் கழற்றி அளந்தார். நாலு மாவு தடிப்பு. ஐந்தாவது கடதாசி மாதிரி. ஆக, முட்டுகிற இடம் அதுதான். அன்று வீட்டில் இரவுச் சாப்பாடு இடியப்பத்துக்குப் பதில் கடைப் பாண்.

அரத்தால் தேய்த்தார், முட்டியது. ரிப்பை வளைத்தார், முட்டியது. டயரின் காற்றைக் குறைத்தார், முட்டவில்லை. ஆனால் காற்றில்லாத டயரில் இறங்கப் போகிறவன் ஆர்? கடைசியாக, போன பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, காலின் மேல் பூட்டைக் கழற்றிப் பார்த்தார். அங்கே ஒரு வாஷர். உட்பக்கம் இருக்க வேண்டியது வெளிப்பக்கம் இருந்தது. போட்டவர் அவர்தான். மாற்றிப் போட்டார். மாவு ஒட்டினார். லீவரை இழுத்தார். சில்லு, பஞ்சு மெத்தையில் குழந்தை படுக்கிற மாதிரிப் போய்ப் படுத்தது. மாவைக் கழற்றி அளந்தால் ஆறு மில்லிமீற்றர் இடைவெளி. முட்டவே இல்லை.

சந்தோசத்தில் சாந்தகுமாருக்குக் கண் கலங்கிவிட்டது. "ராணி" என்று கூப்பிட வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடி நின்றது.

நிபந்தனை நினைவுக்கு வந்தது. சில்லு சரி என்றால் பிளேன் அன்றைக்கே வெளியே. நாளைக் காலை எழும்பி அவர் எங்கே போவார்? போர்ட்டிக்கோவுக்கு வந்து என்ன செய்வார்? பின்னேரம் அலவி வந்து என்ஜின் பெட்டியில் குந்துவதும், பிளேனுக்குப் பக்கத்தில் பிளேன்டி குடிப்பதும், நாட்டு நடப்புக் கதைப்பதும் எல்லாம் அவ்வளவுதானா? ரத்மலானையில் போய்த் தனியாக இறக்கை பூட்டி, அது முடிந்தால்? அதற்குப் பிறகு? மனிசன் பயந்துவிட்டார். உண்மையாகவே பயந்துவிட்டார்.

அதனால் சாந்தகுமார் ஒரு முடிவெடுத்தார். சில்லு முட்டும். எவ்வளவு காலம் வேண்டுமானாலும் முட்டும்.

ஜெயராணி மாதம் ஒருமுறை வந்து கேட்பார். "எப்பிடி, சில்லு சரியோ?" சாந்தகுமார் சீட்டில் ஏறி இருப்பார். லீவரை ஒரு கையால் இழுப்பார். மற்றக் கை சீட்டுக்குக் கீழே இருக்கும். அங்கே பதினாலாம் நம்பர் ஸ்பானர் இருக்கும். சில்லு மேலே போய் அடங்குகிற அந்தக் கணத்தில் ஸ்பானரால் ஒரு இரும்புக் குழாயில் தட்டுவார்.

"டொக்."

"ஐயோ பாவம், இன்னும் முட்டுது" என்பார் ஜெயராணி. "கஷ்டப்படுறீங்கள்" என்று சொல்லி ஒரு கோப்பை தேத்தண்ணியும் கொண்டுவந்து தருவார். எட்டு மாசம். எட்டு டொக். எட்டுத் தேத்தண்ணி.

இப்போது விளங்குகிறதா, அந்த ஸ்பானர் ஏன் வேண்டும் என்று?

விசயம் அதோடு முடியவில்லை. பூசை அறை வாசலில் நின்றவரிடம் ஜெயராணி இன்னொன்றும் சொன்னார்.

"நாளைக்குப் பிளேனுக்கும் பொட்டு வைக்கப் போறன். அதுவும் வாகனம்தானே?"

"வையும், வையும்."

"வாகனத்துக்குப் பூசை செய்தால் தேசிக்காயை மிதிச்சு ஒருக்கா ஓட்டவெல்லோ வேணும். இது ஓடாது. அதால பூசை முடிய ஒருக்காச் சில்லை மேல தூக்கிக் காட்டுங்கோ. சுவாமிக்குத் திருப்தியாயிருக்கும்."

ஸ்பானரும் இல்லாமல், எல்லாரும் பார்க்க, சாந்தகுமார் எதால் தட்டுவார்?

உடனே மதிலடிக்குப் போனார். அலவி அந்தப் பக்கம் நின்று கறிவேப்பிலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மெயின் வீதியில் நாற்பது வருசம் கடிகாரம் திருத்தியவர். எட்டு மாச ரகசியம் தெரிந்த ஒரே ஆள்.

"அலவி, ஒரு உதவி."

"செல்லுங்க மச்சான்."

"நாளைக்கு நீ தட்ட வேணும்."

விசயத்தைக் கேட்டதும் அலவி தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டார்.

"மச்சான், நான் பொய் செல்ல மாட்டேன். டீச்சர் என்ட பேத்திக்குச் சும்மா கணக்குப் படிச்சுக் குடுக்கிறவ."

"பொய் சொல்ல ஆர் கேட்டது? வாயே திறக்காதை. என்ஜின் பெட்டியில வழக்கம்போல இரு. கையைப் பின்னால விட்டுப் பெட்டியில ஒரு தட்டு. தட்டுறது பொய்யா?"

அலவி யோசித்தார். "தட்டுறது... பொய் இல்லதான்."

"நான் லீவரை இழுக்கத் தொடங்கி நாலாவது செக்கன். முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது."

இதைக் கேட்டதும் அலவிக்கு நிமிர்வு வந்துவிட்டது. "நாலு செக்கனா? நேரம் எண்டா என்ட தொழில் மச்சான். அரை செக்கன் பிழைச்சா என்ட பேரை மாத்துங்க."

மறுநாள் காலை பத்து மணிக்குப் பூசை முடிந்தது. சாந்தகுமார் வேட்டியும் வெறுங்காலுமாக வந்து பார்த்தால் அவருடைய பிளேனை அவருக்கே அடையாளம் தெரியவில்லை. மூக்கில் பொட்டு. லீவரின் குமிழில் பொட்டு. பிளேனைத் தூக்கி நிறுத்தியிருந்த ஜக்கில் பொட்டு. சீட் பெல்ட்டில் பொட்டு. என்ஜின் பெட்டியின் நாலு பக்கமும் பொட்டு. இடது டயரின் விளிம்பைச் சுற்றி, மணிக்கூட்டு முகம் மாதிரி, பன்னிரண்டு பொட்டு. சும்மா தொட்டு வைத்த பொட்டில்லை. தடிப்பான சந்தனம், கூம்பு கூம்பாக, ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு துளி குங்குமம்.

இவ்வளவு பக்தியா என்று சாந்தகுமாருக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. இந்தப் பெண்ணையா ஏமாற்றுகிறேன் என்று ஒரு கணம் வெட்கமாகக்கூட இருந்தது. ஒரு கணம்தான். சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

ஜெயராணி கர்ப்பூரத் தட்டோடு சீட்டுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றார். சாந்தகுமாரின் கை, கால், முழங்கால் எல்லாம் தெரிகிற இடம். சாந்தகுமார் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். பாரும், பாரும், நல்லாப் பாரும். ரெண்டு கையாலும் லீவரைப் பிடித்தார். அலவி என்ஜின் பெட்டியில் உட்கார்ந்து, ஒரு கையால் மடியில் கடலைத் தட்டைப் பிடித்தபடி, ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றக் கை பெட்டிக்குப் பின்னால்.

லீவர் அசைந்தது. ஒன்று. சில்லு மடங்கத் தொடங்கியது. இரண்டு. மூன்று. குழிக்குள் போனது.

"டொக்."

அரை செக்கன் பிழையில்லை. சாந்தகுமாருக்கு அலவியைக் கட்டிப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. அடக்கிக்கொண்டு முகத்தை இறக்கினார்.

"பார்த்தீரே, ராணி. முட்டுது."

"ஓம், கேட்டது. எங்க முட்டுது?"

"வழக்கமான இடம்தான். ரிப்பில."

"டயர் முட்டுதோ, இரும்பு முட்டுதோ?"

"டயர்தான். விளிம்பு. நாலு மில்லிமீற்றர் இடிக்குது."

"கட்டாயமே?"

"முப்பது வருசம் லிஃப்ட் பார்த்தவன் சொல்லுறன்."

"சரி, இறக்குங்கோ."

இறக்கினார். சில்லு வெளியே வந்தது. ஜெயராணி தட்டை வைத்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு, சில்லுக்கு முன்னால் குந்தினார். டோர்ச் அடித்துக் குழிக்குள் பார்த்தார். பிறகு டயரைப் பார்த்தார். எழும்பவில்லை.

"இஞ்ச ஒருக்கா வாங்கோ."

சாந்தகுமார் இறங்கி வந்து குந்தினார். பன்னிரண்டு பொட்டும் அப்படியே நின்றன. கூம்பு கலையவில்லை. உச்சியில் குங்குமம்கூட உதிரவில்லை. குழிக்குள் ரிப்பும் ஒரு துளி சந்தனம் படாமல் சுத்தமாக இருந்தது.

"நாலு மில்லிமீற்றர் இடிச்ச டயரில சந்தனம் எப்பிடியப்பா நிக்குது?"

"அது... காய்ஞ்சிருக்கும்."

ஜெயராணி ஒரு பொட்டைச் சுட்டுவிரலால் தொட்டார். தொட்டதைச் சாந்தகுமாரின் நெற்றியில் வைத்தார். குளிர்ந்தது. ஈரச் சந்தனம்.

"அப்ப அந்தச் சத்தம்?" என்று கேட்டுவிட்டு ஜெயராணி திரும்பினார். "அலவி நானா, தேத்தண்ணி ஆறுது. எடுங்கோவன்."

அலவி மரியாதைக்காரர். நீட்டின கோப்பையை உடனே வலது கையால் வாங்கினார். நாலு விரல் மொளியிலும் சந்தனம் அப்பியிருந்தது. என்ஜின் பெட்டிக்குப் பின்பக்கத்துப் பொட்டு அங்கே இல்லை.

கடல் பக்கமாக ஒரு ட்ரெயின் போனது.

"நான் பொய் செல்லல்ல டீச்சர்" என்றார் அலவி. "தட்டின மட்டும்தான்."

"தெரியும் நானா. நீங்க குடியுங்கோ."

சாந்தகுமார் கடைசி முயற்சி ஒன்று செய்து பார்த்தார். "ராணி, இண்டைக்குப் பூசை நாள். ஏதோ சுவாமியின்ர அருளால இண்டைக்கு மட்டும் முட்டேல்லைப்போல—"

"கொஞ்சம் இருங்கோ."

உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டின்னோடு வந்தார். மூடியைத் திறந்தார். உள்ளே பஞ்சில் பொதிந்து ஒரு காய்ந்த மாவுத் துண்டு. வட்டமானது. ஒரு பக்கத்தில் டயரின் கோடு அழகாகப் பதிந்திருந்தது.

"பெப்ரவரியில குப்பை வாளிக்குள்ள கிடந்தது. இது மட்டுமில்லை, அஞ்சும் கிடந்தது. நீங்கள் என்ன சொன்னீங்கள், கடதாசி மாதிரி நசியுது எண்டு. அளந்து பார்த்தனான். ஆறு மில்லிமீற்றர். இது கடதாசி இல்லையப்பா, தோசை."

"பெப்ரவரியிலேயே தெரியுமோ?"

"மாவில தெரிஞ்சது. பேந்து அந்த ஸ்பானர். உங்கட பிளான் அமெரிக்காக்காரன்ர. எல்லாப் போல்டும் அங்குலக் கணக்கு. பிளேன் முழுக்கத் தேடினாலும் பதினாலாம் நம்பருக்குப் பொருந்துற போல்ட் ஒண்டில்லை. அது ஏன் எப்பவும் சீட்டுக்குக் கீழ கிடக்குது எண்டு யோசிச்சனான். கணக்கு டீச்சரெல்லே."

சாந்தகுமார் அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியில் சந்தனம். பக்கத்தில் பிளேன்.

"ராணி, நான் உம்மை ஏமாத்த எண்டு செய்யேல்லை."

"அப்ப என்னத்துக்கு?"

"பயத்தில. இது முடிஞ்சால் நான் என்ன செய்யிறது? காலமை எழும்பினால் போக ஒரு இடம் வேணும். இருபது அடிதான், எண்டாலும் அது ஒரு இடம். அந்தச் சில்லு முட்டினபடியால்தான் நான் எட்டு மாசம் சந்தோசமா இருந்தனான். உண்மையைச் சொல்லுறன்."

அலவி கோப்பைக்குள் பார்த்தார். ஜெயராணி வந்து அவருக்குப் பக்கத்தில், அதே நிலத்தில், பூசைச் சேலையோடு உட்கார்ந்தார். சாந்தகுமாரின் கையைப் பிடித்தார். அப்படிப் பிடித்து எத்தனை வருசம் என்று சாந்தகுமாருக்கு நினைவில்லை.

"எனக்குத் தெரியாதே? அதாலதான் நானும் சொல்லேல்லை."

"என்ன?"

"நீங்கள் பயப்படுறது தெரியும். தட்டட்டும் எண்டு விட்டனான்."

சாந்தகுமாருக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இப்படி ஒரு மனைவி ஆருக்கு வாய்க்கும்? எட்டு மாசமாகத் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்து, மாதா மாதம் தேத்தண்ணியும் போட்டுத் தந்திருக்கிறாவே.

"எனக்காகவே, ராணி?"

"உங்களுக்காகவும்தான்" என்றார் ஜெயராணி. "ஆனால் உண்மையைச் சொன்னால், நீங்கள் போர்ட்டிக்கோவில இருந்த ஆறு வருசமும் வீட்டுக்குள்ள எனக்கு இருந்த நிம்மதி இருக்கே, அதைச் சொல்லி முடியாது. மல்லித்தூள் டின் மல்லித்தூள் டின்னாயிருந்தது. ஒருத்தரும் மூண்டாவது வரியைச் சுருக்கச் சொல்லேல்லை. சில்லு சரி எண்டு நான் ஒத்துக்கொண்டால் நீங்கள் திரும்பக் குசினிக்கெல்லோ வந்திடுவீங்கள்? எனக்கும் பயம்தான்."

அலவிக்குப் புரைக்கேறியது.

"அப்ப ஏன் இண்டைக்கு மட்டும்?" என்று சாந்தகுமார் மெல்லிய குரலில் கேட்டார்.

"நாளைக்கு விஜயதசமி. புது வகுப்புத் தொடங்கிறன். நாப்பது பிள்ளைகள். ஹோல் காணாது."

"நாளைக்கா? பிளேன் இஞ்ச நிக்குதே?"

"நாலு மணிக்கு லொறி வரும். ஹபீஸோட போன கிழமையே கதைச்சாச்சு, ஷெட்டைக் கூட்டி வைச்சிருக்கிறார். என்ன நானா?"

சாந்தகுமார் அலவியைப் பார்த்தார். அலவி கடலையைப் பார்த்தார்.

"நானும் இதிலதான் ஈக்கிறேன் மச்சான்" என்றார் அலவி. "ஷெட் சும்மா ஈக்குதா எண்டு டீச்சர் கேட்டா. கேட்டா நான் பொய் செல்ல மாட்டேன் எண்டு நேத்தே செல்லிட்டேனே."

நாலு மணிக்கு லொறி வந்தது. ஆறு பேர் சேர்ந்து பிளேனை ஏற்றினார்கள். அது தன் சொந்தச் சில்லில் உருண்டு, பன்னிரண்டு பொட்டோடும், போர்ட்டிக்கோவை விட்டுப் போனது. மேல்மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துவிட்டு இறக்கைகளையும் இறக்கினார்கள். ஐந்து மணிக்கு அந்த இடத்தில் வாங்குகள் வந்துவிட்டன. கரும்பலகையும் வந்துவிட்டது. சுவரில் குறடு மாட்டின ஆணியில் ஜெயராணி நாட்காட்டியைக் கொழுவினார்.

சாந்தகுமார் ஒரு வாங்கின் நுனியில் போய் உட்கார்ந்தார். பழக்க தோசத்தில் கரும்பலகையைப் பார்த்தார். பலகை கொஞ்சம் சரிந்திருந்தது. அதைச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஜெயராணி வந்துவிட்டார். கையில் சின்னதாக ஒரு அட்டை.

"இந்தாங்கோ. உங்கட சாமானை விடிய வேளைக்குப் பூசை முடிச்சுத் தாறன். இப்ப இதை வைச்சிருங்கோ."

வாங்கிப் பார்த்தார். ரயில்வே சீசன் டிக்கெட். வெள்ளவத்தையிலிருந்து ரத்மலானை வரை. மூன்று மாதத்துக்கு. நாளைத் திகதியிலிருந்து.

"இதை எப்ப எடுத்தனீர்?"

"ஹபீஸோட ஷெட்டைக் கதைச்ச அண்டைக்கே." ஜெயராணி அட்டையை அவருடைய சட்டைப் பைக்குள் வைத்து, மேலே ஒரு தட்டுத் தட்டினார். "ஏழரை ட்ரெயினுக்குப் போங்கோ. மத்தியானச் சாப்பாடு கட்டித் தாறன், ஆசையாயிருந்து இறக்கை பூட்டுங்கோ. பின்னேரம் மட்டும் ஆறு மணிக்கு முந்தி வந்திடாதேங்கோ."

"ஏன்?"

"வகுப்பில முட்டும்."